எண்பத்து மூன்று புள்ளி நான்கு டிகிரி

ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறவன், அந்தப் பெண்ணுடைய அம்மாவின் உடல் எடையைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பது நல்லது. தப்பித்தவறித் தெரிந்துகொண்டாலும், அதை வாட்ஸ்அப்பில் பதினேழு பேருக்கு அனுப்பாமல் இருப்பது அதைவிட நல்லது. நான் அனுப்பினேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அனுப்பினேன். புள்ளிக்குப் பிறகு ஓர் இலக்கம் வரை துல்லியமாக அனுப்பினேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு விருத்தாசலத்தில் எங்கள் வீட்டு மாடியில் இருந்தபடியே மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை ஜெயக்கொடி அத்தை. அத்தையின் மகள் மலர்விழி எனக்கு முறைப்பெண். எனக்குச் சம்மதம், மலருக்குச் சம்மதம், அப்பாவுக்குச் சம்மதம். சவுதியில் வேலை பார்க்கும் மாமாவுக்கும் சம்மதம் (அவர் போனில் எது கேட்டாலும் சம்மதம்தான், லைன் சரியாகக் கேட்காது). அத்தைக்கு மட்டும் ஒரே ஒரு சந்தேகம் இருந்தது. எனக்கு உண்மையிலேயே வேலை இருக்கிறதா என்பதுதான் அது.

"வேலைக்குப் போறவன் காலைல போவான், சாயந்தரம் வருவான். நீ எங்கயும் போவல, எங்கேருந்தும் வரல. லுங்கியோட உக்காந்து மடியில வெச்சித் தட்டிக்கினு இருக்குற. கேட்டா மீட்டிங்குங்கற. யாருகூட மீட்டிங்கு, கொசுகூடவா?"

அத்தைக்குப் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு ஷெட் இருக்கிறது. ஊறுகாய் ஜாடி செய்கிறார்கள். அவரிடம் கேஸில் எரியும் சூளை ஒன்றும் உண்டு. சொந்தச் சூளை இல்லாத அக்கம்பக்கத்துக்காரர்கள் தங்கள் சரக்கையும் சூளைக்குள் தள்ளும் அதே வண்டியில் அடுக்கிச் சேர்த்துச் சுட்டுக்கொள்வார்கள். ஒரு தட்டில் அத்தையின் ஜாடி, அடுத்த தட்டில் ஒருவருடைய ஃப்யூஸ் கட்டை, மேல் தட்டில் இன்னொருவருடைய பிள்ளையார் பொம்மை என்று போகும். சூளை எரிகிற நாளில் இவர்கள் எல்லோரும் வாட்ஸ்அப் குழுவில் "எவ்ளோ ஏறுச்சி?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். சூளையைப் பார்த்துக்கொள்ளும் ஏழுமலை, வெப்ப மீட்டரைப் பார்ப்பதும் பதில் தட்டுவதுமாக நாளை ஓட்டுவான்.

"இதுக்கு உன் வேலைல எதாவது வழி இருக்குதா?" என்று அத்தை ஒரு நாள் கேட்டார். "இருந்தா செஞ்சி காட்டு. கண்ணால பாக்குற மாதிரி ஒண்ணு செய்யி. அப்புறம் கல்யாணத்தப் பத்திப் பேசலாம்."

மலர் அத்தைக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள். மானத்தைக் காப்பாற்று என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். எனக்கு அது 'அசத்திவிடு' என்று தெரிந்தது. அங்கேதான் பிசகியது.

நியாயமாக அந்த வேலைக்குப் பத்து வரி புரோகிராம் போதும். மீட்டரிலிருந்து ஒரு கேபிளை இழுத்து ஷெட் ஆபீஸ் கம்ப்யூட்டரில் செருகி, வருகிற எண்ணைப் படித்து, குழுவுக்கு அனுப்பினால் முடிந்தது. ஆனால் பத்து வரியில் ஒரு மாமியாரை அசத்த முடியுமா? அதனால் நான் எங்கள் கம்பெனி பாணியில் அதைக் கன்டெய்னருக்குள் வைத்தேன்.

"கன்டெய்னருன்னா, லாரியில போவுமே, அதுவா?" என்றார் அத்தை.

"அதே மாதிரிதான் அத்தை, ஆனா கம்ப்யூட்டருக்குள்ள. புரோகிராமையும் அதுக்கு வேண்டிய சாமானையும் ஒரு பெட்டிக்குள்ள வெச்சி மூடிருவோம். அது உண்டு, அதோட பெட்டி உண்டு. வெளிய நடக்கறது எதுவும் அதுக்குத் தெரியாது. இங்க ஓடுச்சின்னா அமெரிக்காவுலயும் அப்படியே ஓடும்."

"நமக்கு எதுக்கு அமெரிக்கா? சூளை இங்கதான இருக்குது?"

(நான் காது கேட்காதவன் போலக் கேபிளைப் பிரிக்க ஆரம்பித்தேன்.)

மூடிய பெட்டியில் ஒரு சங்கடம் உண்டு. வெளியே நடப்பது எதுவும் தெரியாது என்று நான் பெருமையாகச் சொன்னேன் அல்லவா, சூளை மீட்டரின் கேபிளும் வெளியேதான் இருந்தது. பெட்டி முதலில் 'அப்படி ஒரு கருவியே இல்லை' என்றது. கருவியைக் காட்டினால் 'அனுமதி இல்லை' என்றது. இதற்கு ஒழுங்கான வழி இருக்கிறது. சூளை மீட்டருக்கென்று மாறாத ஒரு பெயர் வைத்து, 'இந்தப் பெயருள்ள கருவி ஒன்றை மட்டும் உள்ளே விடு' என்று பெட்டியைத் திறக்கும்போதே எழுதித் தர வேண்டும். இரண்டு நாள் முட்டிக்கொண்டேன். மூன்றாம் நாள் பொறுமை போய், குறுக்குவழியில் இறங்கினேன். ஒரே ஒரு சொல்தான். அதை எழுதினால் கம்ப்யூட்டரில் செருகியிருக்கும் எல்லாக் கருவிகளும் பெட்டிக்குத் திறந்துவிடும். புதிதாக வந்த வாட்ச்மேனிடம் வாசல் சாவியோடு பீரோ சாவியையும் கொடுத்துவிட்டுத் தூங்கப் போவது போன்ற காரியம். மற்றவர்கள் இப்படிச் செய்தால் நாங்கள் கம்பெனி மீட்டிங்கில் கூடிச் சிரிப்போம். நான் கதவைச் சாத்திக்கொண்டு செய்தேன். உடனே வேலை செய்தது.

எல்லாக் கதவும் திறந்துகிடக்கிறதே, சும்மா இருப்பானேன் என்று ஷெட்டில் இருந்த எடை மேடையையும் சேர்த்துக்கொண்டேன். மண் மூட்டைகளை நிறுக்கும் மேடை அது. அதன் எண் காட்டும் பெட்டி மழையில் நனைந்து செத்துப்போயிருந்தது. மேடையின் கேபிளையும் கம்ப்யூட்டரில் செருகி, பொத்தானை அழுத்தினால் எடைச் சீட்டு அச்சாகும்படி செய்தேன். ஆக இரண்டு கேபிள்கள். கம்ப்யூட்டர் அவற்றுக்குப் பூஜ்யம், ஒன்று என்று எண் கொடுத்தது. சூளை பூஜ்யம், தராசு ஒன்று. புரோகிராமிடமும் அதையே சொல்லிவைத்தேன்.

ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. அந்த எண் கருவியின் பெயர் அல்ல. டவுன் பஸ்ஸில் சீட்டுப் பிடிப்பது போல, முதலில் ஏறியவருக்குப் பூஜ்யம், அடுத்து ஏறியவருக்கு ஒன்று. அவ்வளவுதான்.

ஒரு வாரம் அருமையாக ஓடியது. ஏழுமலை பழைய மீட்டரையும் என் எண்ணையும் ஒத்துப் பார்த்துவிட்டு, "சரியா இருக்குதுங்க" என்று சான்று கொடுத்தான். விஜயதசமி அன்று நல்ல நேரத்தில் திறப்பு விழா என்று அத்தை அறிவித்தார். அன்றைக்குச் சூளையில் ஏறவிருந்தது அவருக்கு முதன்முதலாகச் சென்னையிலிருந்து வந்த ஜாடி ஆர்டர்.

அதற்கு முந்தைய நாள் ஆயுத பூஜை.

பீங்கான் ஷெட்டில் ஆயுத பூஜை என்றால் விளையாட்டில்லை. சுவிட்சு போர்டு முதல் துடைப்பம் வரை எதுவும் பொட்டில்லாமல் இருக்கக் கூடாது. கேபிள்களைக் கழற்றி, ஈரத் துணியால் துடைத்து, தாம்பாளத்தில் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டுப் படைத்தார்கள். நானே என் கையால் ஒவ்வொரு பிளக்குக்கும் பொட்டு வைத்தேன். கற்பூரம் காட்டி முடித்ததும் கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டுக் கேபிள்களைத் திரும்பச் செருகக் குனிந்தேன். கைக்கு முதலில் வந்தது சூளையின் கேபிள்.

"அத வையி," என்றார் அத்தை. "மொதல்ல தராசு. தராசுதான் லட்சுமி. லட்சுமிய நிக்க வெச்சிட்டு நெருப்ப உள்ள வுடுவாங்களா?"

நியாயம்தானே? வருங்கால மாமியார் சொல்லித் தட்டவா முடியும்? தராசை முதலில் செருகினேன். சூளையை அடுத்துச் செருகினேன். பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு நல்ல பிள்ளையாக வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் விடியற்காலையில் ஏழுமலை சூளையைப் பற்றவைத்தான். மதியம் ஒன்றரைக்கு நல்ல நேரம். நான் வாழ்க்கையில் முதல்முறையாகப் பேண்ட்டு, உள்ளே செருகிய சட்டை, பெல்ட்டு சகிதம் வேலைக்குப் போனேன். ஒரு பெரிய டிவி வாங்கிப் போயிருந்தேன். அதை மாட்டச் சுவரில் நல்ல இடம் பழைய மீட்டர் இருந்த இடம்தான். அதன் மேலேயே வைத்து நான்கு திருகாணி போட்டு முடுக்கினேன்.

"இப்ப ஆயிரத்து நூறுங்க," என்றான் ஏழுமலை, மீட்டர் மறைவதற்குள் எட்டிப் பார்த்து. "ஆயிரத்து எரநூறு வந்ததும் கேஸை நிறுத்தணும். மேல போனா ஜாடி நிக்காது."

"இனிமே நீ எட்டிப் பாக்கவே வேணாம் ஏழுமலை," என்றேன்.

அத்தை பட்டுப்புடவையில் வந்து சுவிட்சைப் போட்டார். டிவியில் கட்டை விரல் தடிமனான எழுத்தில் வந்தது: சூளை வெப்பம் 2.6 டிகிரி.

விருத்தாசலத்தில் குழாய்த் தண்ணீரே அதைவிடச் சூடாக வரும். ஷெட்டில் இருந்த பத்துப் பேரும் டிவியைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். அத்தைக்கு முகம் வெளுத்துவிட்டது. சென்னை ஆர்டர் உள்ளே இருக்கிறது, நெருப்பு அணைந்துவிட்டது என்றுதான் அவர் நினைத்தார். கதவோரம் காற்று வரும் இடத்தில் எப்போதும் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தார்.

அந்த நாற்காலி எடை மேடையின் மேல் கிடந்தது.

சூளை வெப்பம் 83.4 டிகிரி.

"ஏறுது, ஏறுது," என்றேன். அத்தை சந்தோஷத்தில் துள்ளி எழுந்தார். மறுபடி 2.6. அத்தை உட்கார்ந்தார். 83.4.

"கேஸைக் கூட்டு ஏழுமலை. முழுசாத் தொற," என்றேன்.

ஏழுமலை சூளைக் கதவில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாகப் பார்த்துவிட்டு வந்தான். "உள்ள வெள்ளையா எரியுதுங்க. கண்ணு கூசுது."

"கண்ணு ஏமாத்தும் ஏழுமலை. சென்சார் ஏமாத்தாது."

(இந்த வாக்கியத்தைச் சொன்னதற்காகவே என்னை அந்தச் சூளையில் இன்னொரு தட்டில் வைத்துச் சுட்டிருக்கலாம்.)

அவன் கேஸைக் கூட்டினான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "ஒண்ணு சொல்லலாங்களா? அம்மா உக்காந்தா ஏறுது, எழுந்தா எறங்குது," என்றான்.

அம்மாவின் ராசி அப்படி என்று ஜாடி அடுக்கும் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை. நான் படித்தவன், ராசியை நம்புவேனா? அதனால் அறிவியல் பூர்வமாக விளக்கினேன். அத்தை கதவோரம் உட்காரும்போது வெளிக்காற்று தடைபடுகிறது, அதனால் சூளையைச் சுற்றியுள்ள காற்றோட்டம் சீராகிறது, வெப்பம் நிற்கிறது. நானே இட்டுக்கட்டி, நானே கேட்டு, நானே நம்பினேன்.

"அப்ப நான் எழுந்திரிக்கக் கூடாதா?"

"ஆயிரத்து எரநூறு வர்ற வரைக்கும் எழுந்திரிக்காதீங்க அத்தை."

அத்தை நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கால் மணி நேரம் ஆனது. எண் 83.4-ஐ விட்டு நகரவில்லை. காற்றை இன்னும் கொஞ்சம் தடுக்க வேண்டும் என்று முடிவு செய்து, ஜாடி அடுக்கும் பெண் ஒருத்தியைப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். 141 ஆனது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அடுத்து ஒருத்தி. பிறகு இரண்டு பேர். மேடையில் இடம் போதாமல் ஒருவரை ஒருவர் இடுப்பில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். 309. ஏழுமலைகூடக் கைதட்டினான். ஆயிரத்து இருநூறு வர மொத்தம் எத்தனை பேர் வேண்டும் என்று நான் காகிதத்தில் வகுத்துப் பார்த்து, பக்கத்து ஷெட்டுக்கு ஆள் அனுப்பலாமா என்று கேட்டேன். அது எடை மேடை என்பது எங்கள் யாருக்கும் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். எல்லோருக்கும் தெரியும். தினமும் மூட்டை நிறுக்கிற மேடை. ஆனால் பேண்ட்டும் பெல்ட்டும் போட்ட ஒருவன் விளக்கம் சொல்லும்போது ஜனங்கள் தங்கள் அறிவைக் கொஞ்சம் கீழே வைத்துவிடுகிறார்கள். முதலில் கீழே வைத்தவன் அந்தப் பேண்ட்டுக்காரன்.

அப்போது மண் மூட்டையோடு வேப்பூர் லாரி வந்தது. டிரைவர் உள்ளே வந்து பார்த்தார். பட்டுப்புடவையில் ஒரு அம்மா, அவரைச் சுற்றி நாலு பெண்கள், எல்லோரும் எடை மேடையில் ஆடாமல் அசையாமல் இருக்கிறார்கள்.

"போட்டோ எடுக்கறீங்களா? நான் அப்புறமா வரேன்," என்றார்.

"பரவால்ல, நிறுங்க," என்று அத்தையே எல்லோரையும் இறக்கிவிட்டு இறங்கினார். நாற்காலியையும் எடுத்துவிட்டார். டிவியில் சூளை பூஜ்யம் டிகிரிக்குப் போனது. மேடை சரியாக இருக்கிறதா என்று பார்க்க டிரைவர் ஒரு தடவை சும்மா பொத்தானை அழுத்தினார். சீட்டு வெளியே வந்தது. அதைப் படித்தார், திருப்பிப் பார்த்தார், மறுபடி படித்தார்.

"ஆயிரத்து எரநூத்தி அறுவத்தெட்டு கிலோன்னு போட்டிருக்குது. எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லீங்க. ஆனா மூட்டை இன்னும் லாரியிலதான் இருக்குது."

அதுவரை ஓரமாக நின்றிருந்த மலர் அவர் கையிலிருந்து சீட்டை வாங்கினாள். சீட்டைப் பார்த்தாள், டிவியைப் பார்த்தாள். மேடையில் ஏறி நின்றாள். சூளை வெப்பம் 51.5 டிகிரி. இறங்கினாள்.

"அது என் வெயிட்டு," என்றாள்.

திருப்புளியை எடுத்து நான்கு திருகாணிகளையும் கழற்றினாள். டிவிக்குப் பின்னால் பழைய மீட்டர் 1270 என்று காட்டிக்கொண்டிருந்தது. ஏழுமலை ஓடிப்போய்க் கேஸை நிறுத்தினான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. லட்சுமி பூஜ்யமாம் சீட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள், நெருப்பு ஒன்றாம் சீட்டுக்குப் போயிருக்கிறது. என் புரோகிராம் பாவம், பூஜ்யத்திலிருந்து எந்த எண் வந்தாலும் அதன் வாலில் 'டிகிரி' என்று ஒட்டி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது.

அனுப்பிக்கொண்டு என்றதும்தான் எனக்கு இன்னொன்று உறைத்தது. அதே நேரம் அத்தையின் போன் அடித்தது. சவுதியிலிருந்து மாமா, அவரும் அந்தக் குழுவில் உண்டு. அத்தை ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னா ஜெயக்கொடி, சூளை ரொம்ப நேரமா எண்பத்து மூணுலயே நின்னுச்சே?"

"அது சூளை இல்லப்பா," என்றாள் மலர்.

அன்றைக்கென்று பார்த்து லைன் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது.

"நான் ஊருக்கு வந்தப்ப எண்பதுதான இருந்துச்சி?" என்றார் மாமா.

அத்தை போனை வைத்தார். குழுவைத் திறந்து பார்த்தார். பதினேழு பேருக்கும் போயிருந்தது. வாழ்நாளில் முதல்முறையாக அவரே ஒரு குரல் செய்தி அனுப்பினார்: "அதுல நாற்காலி வெயிட்டும் சேந்துருக்குது." ஒரு நிமிடம் கழித்து, ஃப்யூஸ் கட்டை செய்கிறவரிடமிருந்து பதில் வந்தது: "நாற்காலி 2.6. கழிச்சாச்சு. 80.8." அதற்குக் கீழே மாமா ஒரு கட்டைவிரல் போட்டிருந்தார்.

சூளை ஆற இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் நான் சாப்பிடவில்லை. மலருக்கு என் முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியவில்லை என்று நினைத்தேன். அவளுக்குச் சிரிக்காமல் எப்படி விழிப்பது என்றுதான் தெரியவில்லையாம். கதவைத் திறந்தபோது அத்தையின் ஜாடிகள் அத்தனையும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. பிள்ளையார்கள் பக்கத்துப் பிள்ளையாரோடு தும்பிக்கை பின்னிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு ஆர்டரும் போச்சு, ஒரு பெண்ணும் போச்சு.

அத்தை என்னை எதிரே உட்காரவைத்தார் (தரையில், நாற்காலி பேச்சே இல்லை). "என்னா தப்பு நடந்துச்சி, எனக்குப் புரியற மாதிரி சொல்லு," என்றார்.

சொன்னேன். பெட்டியின் எல்லாக் கதவையும் திறந்து வைத்தது தப்பு. சூளைக்கு மட்டும் திறந்திருக்க வேண்டும். யார் முதலில் வந்தார்களோ அவர்தான் சூளை என்று நம்பியது தப்பு. அவரவர் பெயரைக் கேட்டு உள்ளே விட்டிருக்க வேண்டும்.

"தராச மொதல்ல செருவச் சொன்னது நானு."

"ஆமாங்க அத்தை. ஆனா எத மொதல்ல செருவினாலும் சரியா ஓடணும். அப்படி எழுதாதது நான்."

"நீ எம் மேல பழியப் போடுவேன்னு நெனச்சேன்," என்றார் அத்தை. "சென்னைக்குப் பேசிட்டேன், பத்து நாளு தவணை குடுத்துருக்காங்க. அடுத்த சூளைய ஒழுங்கா ஏத்திக் காட்டு. இல்லன்னாலும் பொண்ணு உனக்குத்தான். உன்ன வெளிய வுட்டா இன்னும் யாரு யாரு வெயிட்ட எங்க எங்க அனுப்புவியோ. கண்ணு முன்னாடி இருந்தாதான் எங்களுக்கு நல்லது."

அடுத்த சூளை ஒழுங்காகவே ஏறியது. கருவிகளுக்குப் பெயர் வைத்தேன், ஒரே ஒரு கதவைத் திறந்தேன், டிவியை வேறு சுவரில் மாட்டினேன். ஜாடிகள் நிமிர்ந்து நின்று சென்னை போய்ச் சேர்ந்தன. சாய்ந்த ஜாடிகளை எங்கள் கல்யாணத்துக்கு வந்தவர்களுக்குத் தாம்பூலத்தோடு கொடுத்தோம். நல்லூர்ப் பக்கம் எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் சமையல்கட்டில் ஒரு ஜாடி என்னைப் பார்த்துத் தலையைச் சாய்க்கும்.

கல்யாணமாகி ஆறு வருடம் ஆகிவிட்டது. போன மாதம் அத்தைக்கு முழங்கால் வலி என்று திட்டக்குடியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனோம். உள்ளே போகும் முன் எடை பார்க்க வேண்டும், ஏறுங்கம்மா என்றார் நர்ஸ். அத்தை செருப்பைக் கழற்றினார், பையை மலரிடம் கொடுத்தார், ஆனால் ஏறவில்லை. குனிந்து மெஷினின் அடியில் பார்த்தார்.

"இதுலேர்ந்து எங்கயாவது ஒயரு போவுதாம்மா?"

"இல்லீங்கம்மா, பேட்டரிதான்."

அத்தைக்குத் திருப்தி இல்லை. என் பக்கம் திரும்பி, "மாப்பிள்ள, நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க," என்றார்.

நான் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். பின்னாலேயே மலர் வந்து, என் போனையும் வாங்கிக்கொண்டு போனாள்.